வில்சனை போருக்குள்ள தள்ளின தந்தி: அந்த ரகசிய கோட் எப்படி உடைஞ்சது?

1916 நவம்பர்ல அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன் ரெண்டாவது தடவை ஜெயிச்சப்போ அவர் கட்சி ஊர் ஊரா சொன்னது "நம்மள போருக்குள்ள போகவிடாம பாத்துக்கிட்டவர்"னுதான். அஞ்சு மாசத்துல அதே வில்சன் காங்கிரஸ் முன்னாடி நின்னு ஜெர்மனி மேல போர் அறிவிக்கணும்னு கேட்டார். பெரிய காரணம் ஜெர்மனியோட நீர்மூழ்கிக் கப்பல் தாக்குதல்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா மக்கள் மனச திருப்புனதுல ஒரு தந்திக்கு பெரிய பங்கு இருக்கு.

1914 ஆகஸ்ட்ல போர் ஆரம்பிச்ச உடனேயே பிரிட்டன் கடலுக்கடியில இருந்த ஜெர்மன் கேபிள்கள வெட்டிடுச்சு. அமெரிக்காவுக்கு செய்தி அனுப்ப ஜெர்மனிக்கு சொந்த லைன் கிடையாது. சமாதானம் பேசணும்னு ஆசைப்பட்ட வில்சன், எங்க தூதரக கேபிள்லயே உங்க கோட்ல அனுப்பிக்கோங்கன்னு அனுமதி குடுத்தார். அந்த கேபிள் பிரிட்டன் வழியாத்தான் போச்சு, அத லண்டன்ல 'ரூம் 40'ங்கிற கடற்படை உளவுப் பிரிவு ஒட்டுக்கேட்டுட்டு இருந்துச்சு.

1917 ஜனவரி 16, ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஜிம்மர்மன் அந்த வழியாவே, வாஷிங்டன் மூலமா மெக்சிகோவுல இருந்த ஜெர்மன் தூதருக்கு ஒரு தந்தி விட்டார். பிப்ரவரி 1ல இருந்து எந்தக் கப்பல்னு பாக்காம தாக்கப் போறோம், அமெரிக்கா போருக்கு வந்தா மெக்சிகோ நம்ம கூட சேரட்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவ திரும்ப எடுத்துக்கட்டும்.

இப்ப கோட் விஷயத்துக்கு வருவோம். ரெண்டு பக்கமும் ஒரே கோட் புக் வெச்சிருப்பாங்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நம்பர். பெர்லின்ல இருந்து வாஷிங்டன் வரைக்கும் வந்தது 0075ங்கிற புது கோட்ல, அதுல நம்பரெல்லாம் கன்னாபின்னான்னு கலைச்சுப் போட்டிருக்கும், அதனால ரூம் 40 ஆளுங்க மான்ட்கோமரி, டி கிரே ரெண்டு பேருக்கும் முதல்ல பாதிதான் புரிஞ்சுது. ஆனா மெக்சிகோவுல இருந்த ஜெர்மன் தூதரகத்துல அந்தப் புது புக் இல்ல, அதனால வாஷிங்டன்ல இருந்த ஜெர்மன் தூதர் அத பழைய 13040 கோட்ல மாத்தி வெஸ்டர்ன் யூனியன் வழியா சாதாரண தந்தி மாதிரி அனுப்பினார். பழைய கோட்ல நம்பர்கள் ஓரளவு அகரவரிசைலயே போகும், ஒரு வார்த்தை தெரிஞ்சா பக்கத்து நம்பர் எந்த எழுத்துல ஆரம்பிக்கும்னு ஊகிச்சிடலாம். 67893னா மெக்சிகோ. அரிசோனா அந்தப் புத்தகத்துல இல்லவே இல்ல, அதனால பேர நாலு துண்டா வெட்டி 5454, 16102, 15217, 22801னு நாலு நம்பரா போட்டாங்க.

பிரிட்டனுக்கு ஒரு தர்மசங்கடம், "உங்க கேபிளத்தான் ஒட்டுக்கேட்டோம்"னு அமெரிக்காகிட்ட எப்படி சொல்றது? ரூம் 40 தலைவர் ஹால், மெக்சிகோ தந்தி ஆபீஸ்ல இருந்தே ஒரு காப்பி வாங்க வெச்சார். மெக்சிகோலதான் கசிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம்ல.

பிப்ரவரி 24ல விஷயம் வில்சனுக்கு வந்தது. சமாதானத்துக்காக தானே திறந்துவிட்ட வழியிலயே தன் நாட்டுக்கு எதிரா சதி வந்திருக்குன்னு தெரிஞ்சதும் அவருக்கு வந்த கோபம் ரொம்ப நியாயமானதுன்னுதான் சொல்வேன். மார்ச் 1 பேப்பர்ல வந்துச்சு, போலின்னு நிறைய பேர் சொன்னாங்க, மார்ச் 3ல ஜிம்மர்மனே உண்மைன்னு ஒத்துக்கிட்டார்! அதுக்கப்புறமும் வில்சன் உடனே குதிக்கல. மார்ச் நடுவுல அமெரிக்க கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு, 20ஆம் தேதி அமைச்சரவையே போர்தான்னு ஒரே குரல்ல சொன்ன பிறகுதான் ஏப்ரல் 2 உரை. செனட்ல 82க்கு 6, பிரதிநிதிகள் சபைல 373க்கு 50.

பெர்லின் மட்டும் தன் கோட் உடைஞ்சத நம்பல. மெக்சிகோவுல இருந்த தன் தூதர்கிட்ட யார் கசியவிட்டாங்கன்னு தந்தியடிச்சு கேட்டுச்சு, அதுவும் அதே பழைய கோட்ல, அதையும் ரூம் 40 படிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.