பட்டி பூசி மறைத்த விரிசல்கள்

30 வருடம் கடந்த அடுக்குமாடிக் குடியிருப்பை ஆய்வு செய்யப் போனால், கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அண்மையில் அடித்திருந்தால் என் கவலை கூடும். விரிசல் எங்கே ஓடியது, ஓதம் எதுவரை ஏறியது என்று காட்டும் தடயமெல்லாம் பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டிக்குள் போயிருக்கும்.

கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறைந்துவிடும். சென்னையின் பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். போதாததற்குக் குளியலறை ஒழுகல். துரு, பழைய இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. தூணில் கம்பிக்கு மேல் 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் பாதிகூட இல்லாத தூண்களைப் பார்த்திருக்கிறேன்.

பூச்சில் வலைபோல் பரவும் மயிரிழை விரிசலுக்குப் பயப்படத் தேவையில்லை. தூணின் மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக நேராக ஓடும் விரிசல் வேறு; உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. பீம் தூணோடு சேரும் இடத்துக்கு அருகே சாய்வாக ஏறும் விரிசலைக் கண்டால் அன்றைக்கே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சந்தேகமான விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அது இன்னும் வளர்கிறது.

பால்கனியும் சன்ஷேடும் எனக்குத் தனிக் கவலை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றைத் தாங்கும் கம்பி, சிலாபின் மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்தே அது கீழே அமுங்கிவிடுவதுண்டு. மழைநீர் தேங்குவதும் அதே மேல்பக்கம்தான். அங்கே தொட்டிச் செடிகளை வரிசையாக அடுக்காதீர்கள். ஏசியின் வெளி யூனிட்டைச் சன்ஷேடில் ஏற்றவே வேண்டாம். மாடியில் கூடுதலாக ஒரு 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். தரைத்தளச் சுவரை இடித்துக் கடையாக்குவதை, அது பாரம் தாங்கும் சுவரா என்று பார்க்காமல் அனுமதிக்கவே கூடாது.

பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் கலவையை அப்பிவிட்டுப் போவது பழுதுபார்த்தல் ஆகாது. நல்ல கான்கிரீட் தென்படும்வரை கொத்தி, கம்பியின் பின்பக்கமும் துரு நீக்கி, பாதுகாப்புப் பூச்சு அடித்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்த பிறகே மூட வேண்டும். தூணில் கை வைக்கும் முன் முட்டுக் கொடுத்தாக வேண்டும். முட்டு இல்லாமல் தூணைக் கொத்தும் மேஸ்திரியை உடனே நிறுத்துங்கள்.

திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று குடியிருப்பு ஒன்றின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. ஒருவரும் சாகவில்லை. விரிசலைக் கண்டதும் குடியிருந்தவர்கள் வெளியேறியிருந்தார்கள். திடீரென்று கதவு இறுகுவது, விரிசல் கண்ணெதிரே அகல்வது, சுவருக்குள் முறியும் சத்தம் கேட்பது, இவற்றில் ஒன்று நடந்தாலும் எதையும் எடுக்க நிற்காமல் எல்லோரும் இறங்கிவிடுங்கள்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மேல்வீட்டுக் குளியலறை ஒழுகலை அந்த இரண்டு வீட்டுக்காரர்களின் சண்டையாக விட்டுவிடுகிறார்கள். பொது நிதியிலிருந்தாவது முதலில் அதை அடைத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் இறங்குவது மொத்தக் கட்டடத்தையும் தாங்கும் பீமுக்குள்.