சக்கரம் துடைத்த துணி பெயின்ட்டின் மேல் படக் கூடாது

கடந்த வாரம் பாலிஷ் வேலைக்கு ஒரு கறுப்பு நிறக் கார் வந்தது. வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகாத வண்டி. பானெட்டின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, சிலந்தி வலை போன்ற நுண்கீறல்களுக்கு நடுவே, துடைத்த கை போன வழியிலேயே வளைந்து செல்லும் நான்கைந்து ஆழமான கோடுகள் தெரிந்தன. வண்டியை யாரிடமும் கொடுக்காமல் தாமே கழுவும் உரிமையாளரிடம், துடைக்கும் துணியைக் காட்டச் சொன்னேன். அழகாகத் துவைத்து மடித்து வைத்திருந்தார். விரித்துப் பார்த்தால், இழைகளுக்கு இடையே ஊசி முனையளவில் பழுப்புப் புள்ளிகள். சக்கர ரிம்மையும் இந்தத் துணியால்தான் துடைப்பீர்களா என்று கேட்டதற்கு, "ஆமாம், ஆனால் நன்றாகத் துவைத்த பிறகுதான் பாடிக்கு எடுப்பேன்" என்றார். இந்தப் பதிலை இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

துவைத்தால் துணி சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இத்தனை பெயின்ட்டையும் கெடுக்கிறது. சோப்புநீர் எண்ணெயையும் அழுக்கையும் கரைத்து வெளியேற்றும், இரும்பைக் கரைக்காது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலிருந்தும், அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலிருந்தும் உதிர்ந்து ரிம்மில் படியும் துகள்கள் கூரிய விளிம்புள்ளவை, அவற்றில் பெரும்பகுதி இரும்பு. மைக்ரோஃபைபர் துணியோ, பாலியெஸ்டரும் பாலிஅமைடும் சேர்ந்த இழைகளை மயிரிழையைவிட மெல்லியதாகப் பிளந்து செய்யப்படுவது. தூசியைக் கவ்விப் பிடிப்பதற்காகவே நாம் அதை வாங்குகிறோம். கவ்விய இரும்புத் துகளையும் அது எளிதில் விடுவதில்லை. ஒருமுறை அல்ல, பத்துமுறை துவைத்தாலும் சில துகள்கள் உள்ளேயே தங்கிவிடும். அந்தப் பழுப்புப் புள்ளிகள் கறையல்ல. துணிக்குள் தங்கி, ஈரம் பட்டுத் துருப்பிடித்த இரும்பு. தொட்டால் துணி மென்மையாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: கீறுவது துணி அல்ல, அது பிடித்து வைத்திருக்கும் துகள்.

பெயின்ட்டின் மேல் உள்ள நிறமற்ற படலமான கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் 40 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் செய்வது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள படலத்தைத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்ப வளராது. பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் படலம் இன்னும் மெல்லியது என்பதால், அந்தக் கறுப்புக் காரில் விளிம்பை ஒட்டி ஓடிய இரண்டு கோடுகளைத் தொடாமலே விட்டுவிட்டேன்.

சக்கரத்துக்கென்று வேறு நிறத்தில் துணி வாங்குங்கள். நிறம் கிடைக்காவிட்டால் கத்தரிக்கோலால் ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். ஈரக் கையோடு அவசரத்தில் எடுத்தாலும் அடையாளம் தெரியும். வாளியும் தனி, துவைப்பதும் தனி. ஒரே இயந்திரத்தில் ஒன்றாகப் போட்டால் பிரித்து வைத்ததற்குப் பயனில்லை. துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், அது இழைகளின் மேல் படிந்து நீரை உறிஞ்சவிடாமல் செய்யும். சக்கரங்களை முதலில் முடித்துவிட்டு, கையையும் கழுவிய பிறகு பாடிக்கு வாருங்கள். துடைக்கும்போது துணி தரையில் விழுந்துவிட்டால், தயவுசெய்து உதறிவிட்டுத் தொடராதீர்கள். அந்த நொடியிலிருந்து அது சக்கரத் துணி. பெயின்ட்டுக்குப் பயன்பட்ட துணி பழையதானதும் கதவு இடுக்குக்கும், பிறகு சக்கரத்துக்கும் போகலாம். அங்கிருந்து திரும்பி வரக் கூடாது.

வீட்டில் இப்போது இருக்கும் துணிகளில் எது எதைத் துடைத்தது என்று நினைவில்லை என்றால், தேர்ந்தெடுக்க முயல வேண்டாம். அத்தனையையும் சக்கரத்துக்கே ஒதுக்கிவிட்டு, பெயின்ட்டுக்குப் புதிதாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.