ஆறு கீழே, ஊர் மேலே: தொலேதோவின் 100 மீட்டர் பிரச்சினை

ஸ்பெயினின் நடுவில், மத்ரித்துக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது தொலேதோ. வானிலிருந்து எடுத்த ஒரு படத்தைப் பார்த்தாலே போதும், இந்த ஊரை ஏன் இங்கே கட்டினார்கள் என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. தாஹோ ஆறு கிழக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று பக்கமும் ஆழமான பள்ளத்தாக்கில் சுற்றி வளைத்து ஓடுகிறது, நடுவில் ஒரு பாறைக் குன்று, குன்றின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். படை நடந்து வரக்கூடிய பக்கம் வடக்கு மட்டும்தான், அங்கே மதில் எழுப்பிவிட்டார்கள். காவலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் ஆற்றுக்கும் உச்சிக்கும் இடையில் ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். காவல் காக்கும் அதே பள்ளத்தாக்குதான் தண்ணீரையும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டது. என்னைக் கேட்டால், தொலேதோவின் 2,000 வருட வரலாற்றை அரசர்களின் பட்டியலைவிட இந்த 100 மீட்டரை வைத்துப் படித்தால்தான் நன்றாகப் புரியும்.

முதலில் குன்று எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அதிலேயே ஒரு விநோதம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே மணலும் களிமண்ணும் படிந்த மெத்தென்ற சமவெளி. தெற்கே கிரானைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடினப் பாறை. ஆறு என்றால் இளகிய மண் பக்கமாகத்தானே போகும்? தாஹோவோ சமவெளியில் வந்துகொண்டிருந்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் திரும்பிக் கெட்டிப் பாறைக்குள் புகுந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி சமவெளிக்கே வந்துவிடுகிறது. காரணம், ஆறு முதலில் ஓடியது இப்போதைய மட்டத்தில் இல்லை. அந்தக் காலத்தில் பாறை முழுக்க வண்டலுக்கு அடியில் புதைந்து கிடந்தது, மேலே இளகிய மண்ணில் ஆறு தன்னிஷ்டத்துக்கு வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. காலப்போக்கில் அது கீழ்நோக்கி அரித்துக்கொண்டே போனபோது அடியிலிருந்த பாறையில் முட்டியது. அதற்குள் வளைவு ஆழமாகப் பதிந்துவிட்டதால் ஆற்றால் பக்கவாட்டில் நகர்ந்து தப்பிக்க முடியவில்லை, அதே வளைவிலேயே பாறையை அறுத்துக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. சுற்றியிருந்த இளகிய மண் பிறகு கரைந்து போக, பாறை மட்டும் நின்றது.

இந்தக் குன்றில் கார்ப்பெத்தானி என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். கி.மு. 193-இல் ரோமானியத் தளபதி மார்க்குஸ் ஃபுல்வியுஸ் நோபிலியோர் ஊருக்கு அருகில் ஒரு கூட்டுப்படையைத் தோற்கடித்து, மறுவருடம் ஊரைப் பிடித்தார். சின்ன ஊர், ஆனால் இருக்கும் இடத்தாலேயே அரண் பெற்றது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்திருக்கிறார். சின்ன ஊரை ரோமானியர் சின்னதாக விட்டுவிடவில்லை. வடக்குச் சமவெளியில் தேரோட்டப் பந்தயத்துக்கு ஓர் அரங்கம் கட்டினார்கள், அதன் இடிபாடுகள் இன்றும் கிடக்கின்றன. அப்புறம் தண்ணீர்.

ஆற்றிலிருந்து மேலே ஏற்றுவதை விட்டுவிட்டு, ஊரைவிட உயரமான இடத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. தெற்கே தொலேதோ மலைத்தொடரின் அடிவாரத்தில், குவாஹராஸ் என்ற ஓடையின் குறுக்கே அல்காந்தரில்லா அணையைக் கட்டினார்கள். 500 மீட்டருக்கு மேல் நீளம், ரோமானியர் கட்டிய மிகப் பழைய பெரிய அணைகளில் ஒன்று. (இன்றைய தொலேதோவுக்கும் அதே ஓடையில் உள்ள நவீன அணை ஒன்றிலிருந்து குடிநீர் வருகிறது.) அங்கிருந்து நீண்ட கால்வாய் வழியாக வந்த தண்ணீருக்குக் கடைசித் தடை தாஹோவின் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டத் தலைகீழ் சைஃபனைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மூடிய குழாயில் தண்ணீர் ஒரு சரிவில் இறங்கி, மறு சரிவில் தானாகவே ஏறும். தொடங்கிய மட்டத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக வெளியே வந்தால் போதும், இடையில் எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் கவலையில்லை. கவலை குழாய்க்குத்தான், ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடிக்கொண்டே போகும்.

அந்த அணை உடைந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீரைத் தடுக்கும் கல்சுவருக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு பெரிய மண்கரை எழுப்பியிருந்தார்கள். அணை நிறைந்திருக்கும்வரை தண்ணீர் ஒரு பக்கம் தள்ளும், மண் எதிர்ப்பக்கம் தள்ளும், சுவர் நடுவில் நிம்மதியாக நிற்கும். அணை காலியானால்? தண்ணீரின் தள்ளல் இல்லை, ஈரமேறிய மண்ணின் தள்ளல் மட்டும் அப்படியே இருக்கிறது. சுவர் சரிந்து விழுந்து கிடப்பது கீழ்ப்பக்கம் அல்ல, தண்ணீர் நிற்க வேண்டிய உள்பக்கம். அணையை உடைத்தது வெள்ளமல்ல, வெறுமை.

ரோமுக்குப் பின் வந்த ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்துகள் 6-ஆம் நூற்றாண்டில் தொலேதோவைத் தலைநகராக்கினார்கள். 589-இல் மன்னர் ரெக்காரெத் கத்தோலிக்கத்துக்கு மாறியதை அறிவித்த சபை இங்கேதான் கூடியது. 7-ஆம் நூற்றாண்டில் வாம்பா மன்னர் மதிலைப் புதுப்பித்தார். 711 வாக்கில் முஸ்லிம் தளபதி தாரிக்கின் படை வந்தபோது ஊர் பெரிய எதிர்ப்பில்லாமல் கைமாறியது. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் உள்ளே காக்க ஆளில்லாவிட்டால் மதிலால் என்ன பயன்! அதே மதிலுக்குள் ஆட்கள் உறுதியாக நின்ற காலத்தில் கதையே வேறு. கோர்தோபாவின் கலீஃபா மூன்றாம் அப்த் அர்-ரஹ்மான் இந்த ஊரைப் பணியவைக்க இரண்டு வருடம் முற்றுகையிட வேண்டியிருந்தது, 932-இல்தான் முடிந்தது.

இஸ்லாமிய ஆட்சியில் தண்ணீர்த் தொழில்நுட்பம் புது வேகம் பிடித்தது. 12-ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்-இத்ரீசி, பாலத்தின் அருகே 90 முழ உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு சக்கரம் இருந்ததாக எழுதுகிறார். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றும், விளிம்பில் கட்டிய கலயங்கள் கீழே மொண்டு மேலே கொட்டும். எரிபொருளும் வேண்டாம், மாடும் வேண்டாம். ஆனால் சக்கரத்தின் விட்டத்தைவிட ஒரு அடிகூட உயரமாகத் தண்ணீர் போகாது. 90 முழம் என்பது 40 மீட்டருக்கு மேல். சிரியாவின் ஹமா நகரில் இன்றும் இருக்கிற புகழ்பெற்ற சக்கரங்களே சுமார் 20 மீட்டர்தான். எனவே இந்த எண்ணை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. நம்பினால்கூட அது பாதி உயரம்தான், உச்சிக்கு இன்னும் பாதி மீதியிருக்கிறது.

அதே ஆற்றங்கரையில் வானியலாளர் அஸ்-ஸர்காலி 11-ஆம் நூற்றாண்டில் அமைத்த நீர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. இரண்டு தொட்டிகள், வளர்பிறையில் நாளுக்கு நாள் நிறைந்துவரும், பௌர்ணமியன்று நிரம்பி நிற்கும், தேய்பிறையில் அதே கணக்கில் வடியும். 1085-இல் கிறிஸ்தவ அரசான கஸ்தீயாவின் மன்னர் ஆறாம் அல்போன்சோ ஊரைக் கைப்பற்றிய பிறகும் அது வேலை செய்தது. பிற்பாடு யாரோ உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கப் பிரித்தார்கள், திரும்பப் பூட்டத் தெரியவில்லை. நல்லவேளையாக நூல்களுக்கு அந்தக் கதி வரவில்லை. கிரெமோனாவின் ஜெரார்து என்ற அறிஞர் தொலேதோவுக்கு வந்து அரபு கற்று, தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்தை 1175-இல் லத்தீனுக்குக் கொண்டுபோனார்.

அறிவு இவ்வளவு குவிந்த ஊரில் அன்றாடத் தண்ணீர் வந்தது எப்படித் தெரியுமா? வீட்டுக்கு அடியில் மழைநீர்த் தொட்டி, அது போதாவிட்டால் கழுதை. ஆற்றில் குடங்களை நிரப்பி, கழுதைமேல் ஏற்றி, செங்குத்தான சந்துகளில் ஏறி வீடு வீடாக விற்கும் தண்ணீர்க்காரர்கள்தான் பல நூற்றாண்டுகள் இந்த ஊரைக் காப்பாற்றினார்கள். பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் தங்கும் அரண்மனைக்கே இதே நிலைமை. 1520-களில் ஜெர்மனியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்து, பம்பு வைத்து ஆற்றுநீரை நேராக மேலே தள்ளிப் பார்த்தார்கள். குழாய்கள் வெடித்தன. 100 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் என்றால் அடியில் 10 வளிமண்டல அழுத்தம், அன்றைய உலோகக் குழாய்களும் இணைப்புகளும் தாங்கவில்லை. சரி, மேலிருந்து உறிஞ்சலாமா? அதுவும் நடக்காது. உறிஞ்சும் பம்பில் தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான், அதனால் 10 மீட்டருக்குமேல் தூக்க முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு கடிகாரக்காரர். இத்தாலியின் கிரெமோனாவில் பிறந்து கார்லோஸுக்குக் கடிகாரங்கள் செய்துகொடுத்த ஹுவானெலோ துர்ரியானோ. 1565-இல் ஒப்பந்தம் போட்டு, 1569 வாக்கில் தண்ணீரை அரண்மனைக்கு ஏற்றிக் காட்டினார். இயந்திரத்தின் வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. நேரில் பார்த்தவர்கள் எழுதியதை வைத்துத்தான் பிற்கால ஆய்வாளர்கள் அதை மறுபடி வரைந்திருக்கிறார்கள், நுணுக்கங்களில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அடிப்படை யோசனை தெளிவானது. அழுத்தமே வேண்டாம், மூடிய குழாயில் தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். ஆற்றில் சுழலும் சக்கரம் மரக்கம்பிகளின் நீண்ட தொடரை முன்னும் பின்னும் அசைக்கிறது, அந்த அசைவு சரிவு முழுக்க மேலேறிப் போகிறது. வழிநெடுக, நீண்ட கைப்பிடிபோல் குழாய் வைத்த பித்தளைக் கரண்டிகள். ஒரு கரண்டி சாயும்போது அதிலிருக்கும் தண்ணீர் குழாய் வழியாக ஓடி அடுத்த கரண்டியில் விழுகிறது, அது தன் முறை வரும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து அதற்கும் மேலே இருப்பதில் ஊற்றுகிறது. எந்த இடத்திலும் ஒரு கரண்டி அளவுக்குமேல் தண்ணீரின் பாரம் இல்லை. 100 மீட்டரைத் தாங்க முடியாது என்பதால் அதைச் சின்னச் சின்ன ஏற்றங்களாக உடைத்துவிட்டார். நூற்றுக்கணக்கான பாகங்கள் ஒரே தாளத்தில் அசைய வேண்டும் என்ற யோசனையே ஒரு கடிகாரக்காரருக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தப்படி ஏற்ற வேண்டியது நாளுக்குச் சுமார் 12,400 லிட்டர். 12,400 கிலோவை 100 மீட்டர் தூக்க ஏறக்குறைய 3.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் போதும், நாள் முழுவதும் பரப்பினால் 140 வாட். ஒரு மனிதர் பெடல் மிதித்துத் தரக்கூடிய திறன்தான். ஆக, திறன் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை, ஆறு அதைவிடப் பல மடங்கு தரும். அந்த ஆற்றலை 100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் ஆள் ஆளாகத் தோற்றிருந்தார்கள்.

இயந்திரம் ஒப்பந்தத்தைவிட அதிகமாகவே தண்ணீர் தந்தது. துர்ரியானோவுக்குப் பணம்தான் வரவில்லை. தண்ணீர் முழுக்க அரண்மனைக்குப் போனதால் நகரம் தன் பங்கைக் கொடுக்க மறுத்துவிட்டது. நகரத்துக்கென்று இரண்டாவது இயந்திரத்தையும் கட்டி 1581-இல் முடித்தார், கடன்தான் ஏறியது. 1585-இல் தொலேதோவிலேயே வறுமையில் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் பராமரிப்பில்லாமல் இயந்திரமும் நின்றுபோக, கழுதைகள் மறுபடி சரிவேறின. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொரு பக்கம், இரண்டாம் ஃபிலிப் 1561-லேயே அரசவையை மத்ரித்துக்கு மாற்றிவிட்டார். ஊர் சுருங்கியது, காசில்லாத ஊரில் யாரும் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. 999-இல் கட்டிய சின்னஞ்சிறு மசூதி, 14-ஆம் நூற்றாண்டு யூத வழிபாட்டுக்கூடம், 1226-இல் தொடங்கி 1493 வரை கட்டிய பேராலயம் எல்லாம் ஒரே குன்றில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நவீன காலத்தில் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்த பிறகு, மனிதர்களை மேலே ஏற்றுவது பிரச்சினையானது. 2000-இல் வடக்குச் சரிவில் 36 மீட்டர் உயரத்துக்கு நகரும் படிக்கட்டுகள் வந்தன, அவையும் ஒரே மூச்சில் அல்ல, பல கட்டங்களாகவே ஏறுகின்றன.

ஆற்றின் நிலைமைதான் மோசம். மத்ரித்தின் கழிவுநீர் ஹராமா ஆற்றின் வழியாகத் தாஹோவில் கலக்கிறது, தொலேதோவில் ஆற்றில் குளிப்பதை 1972-இல் தடைசெய்தார்கள். 1979 முதல் ஆற்றின் மேல்பகுதித் தண்ணீரில் பெரும்பங்கு கால்வாய் வழியாகத் தென்கிழக்கிலுள்ள செகூரா படுகைக்குத் திருப்பப்படுகிறது, எனவே அழுக்கை நீர்த்துப்போகச் செய்யும் நல்ல நீரும் குறைந்துவிட்டது. ஆற்றில் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதை வரையறுக்காத தாஹோ படுகை நீர்த் திட்டத்தின் சில பிரிவுகள் செல்லாது என்று 2019-இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் வந்த புதிய திட்டம் அந்த அளவைப் படிப்படியாக உயர்த்தச் சொல்கிறது. செகூரா பக்கத்து விவசாயிகள் அதை எதிர்க்கிறார்கள், தொலேதோக்காரர்கள் அதுவும் போதாது என்கிறார்கள்.