நர்சிங் ஹோம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் கழிப்பறையைப் பாருங்கள்

அப்பா அம்மாவுக்கு நர்சிங் ஹோம் தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள்: மாதம் எவ்வளவு, அறையில் ஏர்கோன் இருக்கிறதா, நம் வீட்டிலிருந்து எத்தனை தூரம். மூன்றும் தேவைதான். நான் பிசியோதெரபிஸ்ட். கோலாலம்பூர் வட்டாரத்தில் செந்தூல், செத்தாப்பாக், செராஸ், பெட்டாலிங் ஜெயா என்று இப்படிப்பட்ட இல்லங்களுக்குள் வாராவாரம் போய்வருகிறவன். எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு. இங்கே பெரியவர்களைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறார்களா, இல்லை எல்லோருக்கும் பெம்பர்ஸ் (டயப்பர்) கட்டிவிடுகிறார்களா?

கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள். பக்கவாதம் வந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, நிற்க வைத்து, நாலு எட்டு நடத்தி, உட்கார வைத்து, சுத்தம் செய்து, திரும்பக் கூட்டி வருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சில சமயம் இரண்டு ஆள் வேண்டும். பெம்பர்ஸ் மாற்ற ஒரு ஆள், ஐந்து நிமிடம் போதும். ஆள் குறைவான இல்லத்தில் எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிடித்துக்கொண்டால் நிற்கக்கூடியவர், வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவர், அவருக்கும் நாள் முழுக்கப் பெம்பர்ஸ் என்றால் அன்றைக்கு அவர் எழுந்து நிற்க இருந்த ஐந்தாறு வாய்ப்பும் போச்சு. நான் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து அரை மணி நேரம் பயிற்சி கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. என் பிழைப்புக்கு எதிராகப் பேசுகிறேன் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

படுக்கை எவ்வளவு வேகமாகக் காலைப் பலவீனமாக்குகிறது என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. 2007-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி. ஸ்ட்ரோக் வந்து, இனிப்புநீரும் (சர்க்கரை நோயும்) இருந்து, சாப்பாடும் குறைந்துபோன ஒருவருக்குக் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வாக்கர் பிடித்து வெளியே வந்த ஒரு பெரியவர், முன்னாள் லாரி ஓட்டுநர், ஓர் இல்லத்தில் சேர்ந்த சில மாதங்களில் முழங்கால் இரண்டும் மடங்கி இறுகிப்போய்க் கிடந்தார். பிள்ளைகள் அதை ஸ்ட்ரோக்கின் வேலை என்றே நினைத்திருந்தார்கள். ஸ்ட்ரோக் ஒரு பக்கத்தைத்தான் தாக்கியிருந்தது. இரண்டு முழங்காலும் இறுகியது படுக்கையின் வேலை.

எப்போது போய்ப் பார்ப்பது என்பதும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேண்டாம். எல்லோரும் வருகிற நேரம் அது, இல்லமும் தயாராக இருக்கும். சாதாரண நாளில் காலை பத்து மணி வாக்கில் போங்கள். எத்தனை பேர் உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் கட்டிலில் என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். கதவுக்குள் வீல்சேர் நுழைகிறதா, சுவரில் பிடிகம்பி இருக்கிறதா, அந்தக் கம்பி உங்கள் எடையைத் தாங்குகிறதா, தரை காய்ந்திருக்கிறதா. ஒன்றை மட்டும் தவறாமல் பாருங்கள்: கழிப்பறைக்குள் வாளிகளும் பெம்பர்ஸ் பெட்டிகளும் அடுக்கியிருந்தால், அங்கே யாரையும் அழைத்து வருவதில்லை.

யாரையாவது தூக்கும்போது கவனியுங்கள். அக்குளில் கைகொடுத்து, அல்லது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் அது தெரியாத வேலை. ஸ்ட்ரோக் வந்த பக்கத்துத் தோள்மூட்டைத் தசைகள் பிடித்துவைப்பதில்லை. இழுத்தால் எலும்பு கிண்ணத்திலிருந்து சரியும், பிறகு மாதக்கணக்கில் வலி. தெரிந்தவர்கள் இடுப்பில் பெல்ட் கட்டி, பெரியவரை முன்னால் சாயச் சொல்லி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லித் தூக்குவார்கள். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். ஏர்கோனும் புதுப் பெயின்ட்டும் உள்ள இடங்களில் தப்பாகத் தூக்குவதையும், செந்தூல் பக்கம் பழைய வரிசை வீடு ஒன்றில் மியன்மார் பெண் ஒருவர் பாடப்புத்தகம் போலத் தூக்குவதையும் பார்த்திருக்கிறேன்.

எழவே முடியாதவர் என்றால் கேள்வி மாறும். எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள்? இரண்டு மணி நேரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். எழுதி வைத்திருக்கும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். காலையிலேயே இரவு வரைக்கும் டிக் போட்டிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். காற்று மெத்தை இருக்கிறது, புரட்டத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். மெத்தை உதவும், ஆனால் புரட்டும் வேலையை அது செய்யாது. சேர்த்த பிறகு நீங்கள் போகும்போதெல்லாம் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்காக மூக்கில் டியூப் உள்ளவர்கள் அதைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டுவது உண்டு. நடந்து விழுகிறவர்களை முன்னால் மேசை பூட்டிய நாற்காலியில் உட்கார வைப்பதும் உண்டு. யார் சொல்லிக் கட்டுகிறீர்கள், எத்தனை மணிக்கு அவிழ்ப்பீர்கள், குடும்பத்துக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். “எல்லாருக்கும் அப்படித்தான் அங்கிள்” என்று பதில் வந்தால் நான் என் அம்மாவை அங்கே விடமாட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். பல இடங்களில் இரவுச் சாப்பாடு ஐந்து, ஐந்தரைக்கே முடிந்து, ஆறரைக்கு எல்லோரும் கட்டிலில். பகல் ஆட்கள் வீட்டுக்குப் போவதால் இப்படி. காலைச் சாப்பாடு ஏழு மணி என்றால் நடுவில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் வயிறு காலி. இன்சுலின் போடுகிறவருக்கு இது ஆபத்து. இரத்தச் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இறங்கினால் நடுராத்திரியில் யார் கவனிப்பார்கள்? படுக்கும் முன் மாவுப்பாலோ பிஸ்கட்டோ கொடுப்பார்களா, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதே மூச்சில் கிரில் சாவி எங்கே இருக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். வரிசை வீட்டு இல்லங்களில் ராத்திரி கிரிலை, அதாவது வாசல் இரும்புக் கதவை, பூட்டுவார்கள். தீப்பிடித்தால் உடனே திறக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் மாடியில் படுத்திருந்தால் நான் மேற்கொண்டு பேசாமல் வெளியே வந்துவிடுவேன்.

பதிவு விஷயம் சுருக்கமாக. 1993-ம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் (சட்டம் 506) சமூக நல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிந்தவை ஒரு வகை. தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் (1998, சட்டம் 586) சுகாதார அமைச்சு உரிமம் கொடுத்த நர்சிங் ஹோம்கள் இன்னொரு வகை. வாசல் பலகையில் நர்சிங் ஹோம் என்று எழுதியிருப்பதால் மட்டும் இரண்டாம் வகை ஆகிவிடாது. சான்றிதழைக் கேட்டு, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். டியூப், சிறுநீர்க் குழாய், ஆழமான புண் உள்ளவர் என்றால் பதிவு பெற்ற மிஸ்ஸி (தாதி) எந்தெந்த நேரம் இருக்கிறார், தாதியர் வாரியத்தின் இந்த ஆண்டுச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேட்கலாம். தப்பாக நினைக்கமாட்டார்கள், நினைத்தால் அதுவும் ஒரு தகவல்தான். அரசாங்கத்தின் முதியோர் இல்லமான ரூமா ஸ்ரீ கெனாங்கான் பற்றி நிறைய பேர் விசாரிக்கிறார்கள். அது கவனிக்க ஆளில்லாத, வசதியில்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது.

மொழி, சாப்பாடு. நம் பெரியவர்கள் பலர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், மலாய் நன்றாகப் பேசுவார்கள். மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவும். ஆகவே தமிழ் பேசும் ஒருவராவது பகலில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், வலி, தண்ணீர், கழிப்பறை என்று அவர் எப்படிச் சொல்வார் என்பதை எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டுங்கள். நான் பார்த்தவரையில் வெளிநாட்டுப் பணியாளர்கள் அதை ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர், வெள்ளிக்கிழமை சைவம் என்பதையெல்லாம் சேர்க்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள். சின்ன ரேடியோ ஒன்றில் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தால், மணி எத்தனை என்ற நினைப்பாவது அவருக்கு இருக்கும்.

ஆஸ்பத்திரியில் “நாளைக்கு டிஸ்சார்ஜ்” என்று சொன்ன பிறகு தேடுவதால்தான் பல தப்பு நடக்கிறது. வார்டில் சேர்ந்த முதல் வாரமே மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் பேசுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அவசரமென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு, அந்த ஒரு மாதத்தில் நிதானமாக வேறு இடங்களைப் பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை கோலாலம்பூர் வட்டாரத்தில் மாதம் 2,000 ரிங்கிட்டுக்குள்ளும் இருக்கிறது, 5,000-ஐத் தாண்டியும் இருக்கிறது. சொல்லும் தொகையில் எது சேராது என்று கேளுங்கள். பெம்பர்ஸ், பால்மாவு, புண்ணுக்கு மருந்து கட்டுவது, டியூப் மாற்றுவது, ஆஸ்பத்திரி அப்பாய்ன்மென்ட்டுக்கு வண்டியும் கூட ஆளும், இவையெல்லாம் தனி பில்லாக வரும். அதனால் குறைந்த விலை இல்லம் மாதக் கடைசியில் குறைந்த விலையாக இருப்பதில்லை. மருத்துவர் சான்றோடு, பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. நர்சிங் ஹோமில் தரப்படும் மருத்துவப் பராமரிப்பும் அதில் அடங்கும். அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக் கட்டினால் அவரவர் பெயரிலேயே ரசீது வாங்குங்கள்.

முன்பணத்தை எப்போது, எவ்வளவு திருப்பிக் கொடுப்பார்கள், வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். சரியில்லாத இடம் என்று தெரிந்தும் முன்பணத்துக்காக அங்கேயே விட்டுவைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். முதல் மாதம் மட்டும் நேரம் சொல்லாமல் அடிக்கடி போங்கள். போகும்போது சிலிப்பர் வாங்கிப் போகாதீர்கள், பின்பக்கம் பட்டை உள்ள, வழுக்காத செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அடுத்த தடவை போகும்போது அதன் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.