தரைக்குள் ஏறும் நீரும் தேய்ப்புப் பலகையும்

மலையகத்தின் தலவாக்கலையில் வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கொங்கிரீட் தரையைத் தேய்க்க மக்னீசிய உலோகத்தாலான பலகை வாங்கச் சொல்கிறார்கள். மேசனிடம் உருக்குக் கரண்டி இருக்கிறதே, போதாதா?”

மக்னீசியத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.74 கிராம், உருக்கினுடையது 7.85. இலேசான பலகையால் கை சோராது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் தரைக்குள் இருக்கிறது.

கொங்கிரீட்டைக் கொட்டி மட்டமாக்கியதும் கல்லும் மணலும் சிமெந்துத் துகள்களும் மெல்ல அமிழ்கின்றன. நடுவில் அகப்பட்ட நீர் பிதுங்கி, மயிரிழையிலும் நுண்ணிய இடுக்குகள் வழியாக மேலேறுகிறது. யாரும் தொடாத தரையில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் மினுங்கத் தொடங்கும். எனக்கு அலுக்காத காட்சி அது. அதற்குள் உருக்குக் கரண்டியால் இழைத்தால், வழவழப்பான தகடு மென்சாந்தை இழுத்து அந்த இடுக்குகளின் வாயைப் பூசிவிடும். ஏறிவரும் நீர் மெல்லிய தோலுக்கு அடியில் தேங்கும். அங்கே சிமெந்து ஐதாகிப் பலமற்ற படையொன்று உருவாக, பின்னாளில் தரை செதில் செதிலாகப் பெயரும். மக்னீசியப் பலகையின் முகம் அவ்வளவு வழவழப்பானதல்ல. மேடுபள்ளத்தைச் சமப்படுத்தும், வாய்களை அடைக்காது. மரப்பலகையும் அப்படித்தான், ஆனால் ஈரம் குடித்துச் சாந்தைப் பற்றி இழுக்கும்.

அலுமினியமும் இலேசுதான். ஆனால் சிமெந்தின் காரம் அதை அரித்து ஐதரசன் வாயுவை வெளியேற்றும். அதே காரம் மக்னீசியத்தின்மீது எளிதில் கரையாத ஐதரொட்சைட்டுப் படலத்தைப் போர்த்திக் காக்கிறது!

நீர் ஏறி முடியும்வரை காத்திருக்க வேண்டும்; மலையகத்தில் அந்தக் காத்திருப்பு நீளும். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் 16 பாகையை ஒட்டியது. குளிரில் சிமெந்து மெதுவாக இறுகுவதால் நீர் நெடுநேரம் ஏறும்; பனிமூட்டத்தில் உலரவும் தாமதிக்கும். பொறுக்க முடியாமல் உலர்சிமெந்தைத் தூவித் தேய்க்கும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தூவிய படை கூடுதலாகச் சுருங்கி, வலைபோல் வெடிக்கும். எங்கள் குளிருக்கேற்ற வேலைநேரங்களை ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறி, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் கட்டுகிற வீடுகள் இவை.

உங்கள் மேசனிடம் இப்படிச் சொல்லுங்கள்: மட்டமாக்கிய உடனே, நீர் தலைகாட்டுமுன் மக்னீசியப் பலகையால் ஒரு தேய்ப்பு. பிறகு காத்திருப்பு. நீரின் மினுக்கம் மறைந்து, நின்றால் பாதம் 6 மில்லிமீற்றர் அளவே பதியும்போது அதே பலகையால் மறுதேய்ப்பு. தொட்டால் விரலில் சாந்து ஒட்டாத நிலை வந்த பின்பே உருக்குக் கரண்டி.