தகடூர்க் கதை எழுதும் ரசிகருக்கு எழுத்து எப்படித் தேறுகிறது?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதும் மாணவருக்கு வாசகர் ஒருவரே, விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர். கட்டுரையின் பொருளும், முன்னுரை தொடங்கி முடிவுரை வரை என்னென்ன உட்தலைப்புகள் வரவேண்டும் என்பதும் அவருக்கு முன்பே தெரியும். ஆகவே எழுதியது பிறருக்குப் புரிந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அதே மாணவர் இரவில் கைபேசியை எடுத்து, தாம் விரும்பிப் படித்த சரித்திரக் கதையின் தொடர்ச்சியாக ஓர் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து இணைய ரசிகர் குழுவில் இட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. முன்பின் அறியாதவர்கள் படிக்கிறார்கள். புரியாத இடத்தைப் புரியவில்லை என்று சொல்கிறார்கள். சலிப்புத் தட்டினால் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது இடத்தில் எழுத்து விரைந்து தேறுவதற்கு உளவியல் ஓரளவு தெளிவான விளக்கம் வைத்திருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர்களான லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேஸும், மனத்தில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுமாறு பலரைக் கேட்டு, அந்தப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். திட்டமிடுவது, எண்ணத்தைச் சொல்லாக்குவது, எழுதியதைத் திருத்துவது ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் கட்டங்கள் அல்ல, ஒரே வாக்கியத்துக்குள்ளேயே மாறிமாறி நடப்பவை என்று 1981-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை காட்டியது. இத்தனையையும் ஏந்திக்கொள்ள மனத்துக்கு இருக்கும் தற்காலிக நினைவிடமோ மிகச் சிறியது. ஒரு நேரத்தில் ஏறத்தாழ 4 செய்திகளைத்தான் அதில் வைத்திருக்க முடியும் என்று நெல்சன் கோவன் 2001-இல் மதிப்பிட்டார். லகரமா ளகரமா, இந்த இடத்தில் வல்லினம் மிகுமா மிகாதா, பேச்சில் வரும் சொல்லை எழுத்தில் எப்படி மாற்றுவது என்ற கவலைகளே அந்த இடத்தை நிரப்பிவிட்டால், இதைப் படிக்கப் போகிறவர் என்ன நினைப்பார் என்பதற்கு உள்ளே இடம் இராது. தொடக்கநிலையில் எழுதுபவர் நினைவில் வந்ததை வந்த வரிசையிலேயே கொட்டுகிறார்; தேர்ந்தவர் எழுதும்போதே தம் கருத்தையும் மாற்றிச் செப்பனிடுகிறார். பெரெய்ட்டர், ஸ்கார்டமாலியா ஆகிய இருவரும் 1987-இல் வகுத்துக் காட்டிய இந்த இரண்டு நிலைகளுக்கு மேல், படிப்பவர் மனத்தில் எழுத்து என்னவாகப் பதியும் என்பதையும் எழுதும்போதே கணிக்கும் மூன்றாவது நிலை ஒன்று உண்டு என்றும், அதை எட்டப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்றும் ரொனால்ட் கெல்லாக் பின்னர் விளக்கினார். ரசிகர் குழு பெரிதும் உதவுவது இந்த மூன்றாவது நிலைக்குத்தான் என்பது என் கருத்து.

முதலில் அது சுமையைக் குறைக்கிறது. ஏற்கெனவே எல்லாரும் அறிந்த கதைமாந்தரையும் களத்தையும் எடுத்துக்கொண்டு எழுதுபவர், ஓர் உலகத்தை முழுதாகப் படைக்கும் வேலையிலிருந்து விடுபடுகிறார். மீதமாகும் கவனம் வாக்கியத்துக்கும் காட்சிக்கும் போகிறது. தருமபுரிக்காரர்களுக்கு இதற்கு வெளியூரைத் தேட வேண்டியதே இல்லை. ஊரின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியும், அவன் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து பாடுகிறது. ஆனால் அந்தப் போரை விரிவாகச் சொன்ன தகடூர் யாத்திரை என்ற நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மட்டும் பிற நூல்களின் வழியாக எஞ்சியிருக்கின்றன. மாந்தரும் உண்டு, ஊரும் உண்டு, நடுவே பெரிய இடைவெளியும் உண்டு என்றால், எழுதிப் பழகுவதற்கு அதைவிட வசதியான களம் கிடைப்பது அரிது.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் பெண் ஒருவர், அப்படியொரு குழுவில் தொடர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய இரண்டாம் அத்தியாயத்தில் இப்படி ஒரு பத்தி வருகிறது: "அதியமான் தூதனை அழைத்தான். அவன் முகம் வாடியிருந்தது. அவன் ஓலையை வாங்கிக்கொண்டு குதிரையில் ஏறி ஒரு நாழிகையில் ஒகேனக்கலை அடைந்தான். மழை மீது ஏறி நின்று பார்த்தான்." கீழே கருத்துகள் வரத் தொடங்குகின்றன. "அக்கா, முகம் வாடியது யாருக்கு, அதியமானுக்கா தூதனுக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். "சகோ, ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 45 கிலோமீட்டர் இருக்கும், நம் பேருந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது" என்கிறார் பென்னாகரத்துக்காரர் ஒருவர். மழை மீது எப்படி ஏறினான் என்று மூன்றாமவர் கேலி செய்கிறார். கைபேசி விசைப்பலகை முன்மொழிந்த சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. அடுத்த அத்தியாயத்தில் வீரர்களுக்கு மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்துவிட்டால், போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் இந்த மண்ணில் மிளகாய் ஏது என்று வேறொருவர் வந்து நிற்பார்.

இந்த நான்கில் எழுத்துப்பிழை ஒன்றுதான். மற்ற மூன்றும் எழுதுபவர் தாமாகவே கண்டுபிடிக்க மிகவும் கடினமானவை. முகம் வாடியது தூதனுக்கு என்பது எழுதியவரின் மனக்கண்ணில் தெளிவாக இருக்கிறது. ஆகவே தம் பத்தியை எத்தனை முறை திரும்பப் படித்தாலும் தாளில் இல்லாததை நினைவு இட்டு நிரப்பிவிடும். தமக்குத் தெரிந்த ஒன்று பிறருக்குத் தெரியாது என்பதை உணர்வது மனித மனத்துக்கு இயல்பாக வருவதில்லை, அது வெளியிலிருந்து வந்து விழ வேண்டும். விழும் இடமும் நேரமும் முக்கியம்: எழுதியபோது என்ன நினைத்தோம் என்பது மறையும் முன்பே, குறிப்பிட்ட அந்த வாக்கியத்தைச் சுட்டியே கேள்வி வருகிறது. திருத்திய விடைத்தாள் இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு மையில் '7/10' என்று வருவதால் இப்படிப்பட்ட பயன் கிடைக்காது. சில அத்தியாயங்களுக்குப் பிறகு, 'அவன்' என்று தட்டச்சு செய்யும்போதே 'எந்த அவன்?' என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கத் தொடங்கினால், கெல்லாக் சொன்ன மூன்றாம் நிலையின் வாசலுக்கு அந்தப் பெண் வந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிசிலியா அரகோன், கேட்டி டேவிஸ் குழுவினரின் ஆய்வுகள் சான்றாகின்றன. ஆங்கில ரசிகர் கதைகளின் பெரிய தொகுப்பு ஒன்றை ஆராய்ந்த அவர்கள், அங்கே ஒரு தனி ஆசான் இல்லை, பலர் தரும் சிறுசிறு கருத்துகள் ஒன்றுகூடி ஆசானின் வேலையைச் செய்கின்றன என்று கண்டார்கள். வசையாக வந்த கருத்துகள் மிகச் சொற்பமே. எழுதுபவர்களின் சொல்வளத்தைக் கணினி வழியாக அளந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ 650 கருத்துரைகளைப் பெறுவதோடு சேர்ந்து வரும் சொல்வள உயர்வு, ஓர் ஆண்டு வயது கூடுவதோடு வரும் உயர்வுக்கு நிகராக இருந்தது. இந்த எண்ணைப் பெரிதாகக் கொண்டாடுவதற்கு முன் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். பல்வேறு சொற்களைப் பயன்படுத்துவது மட்டுமே நல்ல எழுத்து ஆகிவிடாது. மேலும், ஆர்வம் மிக்கவர்களே நீடித்து எழுதி அதிகக் கருத்துகளையும் பெறுவார்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்று இத்தகைய அளவீட்டால் முற்றிலும் பிரித்துவிட முடியாது.

பெறுவதைவிடக் கொடுப்பதில்தான் கூடுதல் பயன் என்பதற்குச் சான்று இன்னும் உறுதியாக இருக்கிறது. கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் ஆகிய இருவரும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற 91 மாணவர்களை வகுப்புவாரியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பிறர் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டுமே பழக்கினார்கள். மற்றவர்கள் கருத்துகளைப் பெற்றுத் திருத்த மட்டுமே பழகினார்கள். பருவத்தின் முடிவில் சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்களே என்று 2009-இல் அவர்கள் அறிவித்தார்கள். அதுவும் தொடக்கநிலை மாணவர்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பிறர் எழுத்தில் 'இங்கே ஏதோ இடறுகிறது' என்று உணர்ந்து, அது ஏன் என்று சொல்லத் தேடும்போது, அதே கண் தம் எழுத்தின்மீதும் திரும்பிவிடுகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் இந்தக் கணக்கை ஏறத்தாழ அப்படியே போட்டு வைத்திருக்கிறது: ஆசான் சொல்லக் கேட்பதால் வருவது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் வருவது இன்னொரு கால், மீதிப் பாதி பிறருக்கு எடுத்துரைப்பதால் வருவது. வகுப்பறைகளில் நாம் பெரும்பாலும் முதல் கால் பங்கோடு நின்றுவிடுகிறோம்.

ஓசூர், தளி வட்டாரத்துக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் எழுதப் பழகும் பிள்ளைகள் அங்கே ஏராளம். ரெபெக்கா பிளாக் என்ற ஆய்வாளர், 11 வயதில் சீனாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்து ஆங்கிலத்தில் ரசிகர் கதைகள் எழுதிய ஒரு பெண்ணை நெடுநாள் தொடர்ந்து கவனித்தார். ஆங்கிலம் தமக்குப் புதிது, பிழை பொறுத்துக் கதையைப் படியுங்கள் என்று அந்தப் பெண் ஒவ்வொரு பகுதியின் முன்னும் கேட்டுக்கொள்வார். படித்தவர்களும் முதலில் கதையைப் பாராட்டி, பிறகே இலக்கணத்தைத் தொட்டார்கள். மொழியில் தடுமாறுபவர் என்ற அடையாளத்துக்குப் பதிலாக, தனக்கெனப் படிப்பவர்கள் இருக்கும் கதைசொல்லி என்ற அடையாளம் அவருக்குக் கிடைத்ததும், பிழைகளைத் திருத்திக்கொள்வதற்கான பொறுமையும் உடன் வந்தது.

'அருமை', 'அடுத்த பகுதி எப்போது?' போன்ற ஒற்றை வரிகள் எதையும் கற்பிப்பதில்லை என்று சிலர் ஒதுக்குவதுண்டு. நேரடியாகக் கற்பிப்பதில்லை என்பது சரியே. ஆனாலும் அடுத்த வாரமும் எழுத உட்கார வைப்பது அந்த வரிதான். எழுதாமல் எந்தத் திறனும் வளராது. அத்தகைய பாராட்டின் கேடு வேறிடத்தில் இருக்கிறது. குழுவுக்குப் பிடித்த திருப்பமும், எல்லாரும் கையாளும் வருணனையும், அத்தியாயத்தைத் திகிலில் நிறுத்தும் உத்தியும் கைதட்டல் பெறுவதால் அவையே பழகிப்போகும். குழு முழுதும் ஒருவர் எழுதியதுபோல் ஒலிக்கத் தொடங்கும். அந்நிலையில் வேறு வகை எழுத்தையும் படிக்கும் ஓரிருவர் குழுவுக்குள் இருப்பது பெரிய வேறுபாட்டைத் தரும்.

கதையில் வந்த தேர்ச்சி மற்ற எழுத்துக்கும் போகுமா என்றால், ஒரு பகுதிதான் போகும். போர்க்காட்சி எழுதும் உத்தி, வட்டாட்சியருக்குப் பட்டா மாறுதல் மனு எழுத உதவாது. ஆனால் மனுவைப் படிக்கும் எழுத்தர் முதலில் தேடுவது எதை என்று கேட்டுக்கொண்டு, குடும்பக் கதையைப் பின்னுக்குத் தள்ளி, வருவாய்க் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் முதல் வரியிலேயே கொடுக்கத் தோன்றுகிறதே, அந்தப் பழக்கம் கதையிலிருந்து மனுவுக்கும் வரும்.