எம்.டி.யை ஒரு மெயிலில் நீக்கிவிட முடியாது

"சார், எம்.டி.யை நேற்று ராத்திரியே அனுப்பியாச்சு, மெயிலையும் முடக்கியாச்சு, கடிதத்தை மட்டும் ஒரு பார்வை பாருங்க." கம்பெனி முதலாளிகளிடமிருந்து இந்த மாதிரி அழைப்பு எனக்கு இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. வேலையிலிருந்து நீக்கினீர்கள் சரி, போர்டிலிருந்து, அதாவது டைரக்டர்கள் குழுவிலிருந்து, நீக்கினீர்களா என்று கேட்டால் பதில் இல்லை.

இரண்டும் வேறு வேறு ஐயா! எம்.டி. என்கிற நிர்வாக இயக்குநர் சம்பளம் வாங்கும் அதிகாரி, கூடவே டைரக்டர். ஒப்பந்தம் இடம் கொடுத்தால் எம்.டி. பொறுப்பைப் போர்டே பறிக்கலாம். ஆனால் பதவிக்காலம் முடியுமுன் டைரக்டரை நீக்குவது, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 169ஆவது பிரிவுப்படி, பங்குதாரர்கள் செய்ய வேண்டிய வேலை. கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னால், அவரை நீக்கக் கோரும் சிறப்பு அறிவிப்பு பங்குதாரர்களிடமிருந்து கம்பெனிக்கு வர வேண்டும், அதன் நகல் அவருக்குப் போக வேண்டும், கூட்டத்தில் அவர் பேச வாய்ப்புத் தர வேண்டும். "பெரும்பான்மைப் பங்கு என்கிட்டதானே இருக்கு, எதற்கு இந்தச் சடங்கெல்லாம்?" என்று கேட்கிறார்கள். ஓட்டு கையில் இருந்தால் போதாது, முறையாகக் கூட்டம் போட்டு அதைப் போட வேண்டும். அதுவரை அவர் டைரக்டர்தான். அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமல் போர்டு கூட்டம் நடத்தினால், அதில் எடுத்த முடிவுகளையே எதிர்த்து அவர் வழக்குப் போடலாம்.

வேலைக்கு எடுக்கும் நாளிலேயே இதையெல்லாம் எழுதி வையுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கமும் நல்ல மனநிலையில் இருக்கும். எம்.டி.யை ஒரு தடவைக்கு 5 ஆண்டுக்கு மேல் நியமிக்க முடியாது. இடையில் அனுப்பினால் இழப்பீட்டுக்கும் 202ஆவது பிரிவில் உச்சவரம்பு உண்டு: மீதமுள்ள காலம் அல்லது 3 ஆண்டு, இதில் எது குறைவோ அதற்கான சம்பளம். வேலை முடிந்தால் டைரக்டர் பதவியையும் ராஜினாமா செய்வார் என்று ஒரு வரி சேருங்கள். அவர் மறுத்தால் 169தான் வழி, ஆனாலும் பேச்சுவார்த்தையில் அந்த வரிக்கு மதிப்பு உண்டு.

அப்புறம், "விலகிய பின் 2 ஆண்டு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்ற வாசகம். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுகிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்கீழ் அது செல்லாது, உச்ச நீதிமன்றமும் 2006இல் இதை மறுபடி சொல்லிவிட்டது. அதற்குப் பதில் ரகசியத் தகவல் பாதுகாப்பை விவரமாக எழுதுங்கள். நோட்டீஸ் காலத்தில் முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்லும் உரிமையையும் சேருங்கள்.

மோசடி என்று கடிதத்தில் எழுதுமுன் விசாரணை நடத்துங்கள். ஆதாரம் இல்லையா, நோட்டீஸ் கொடுத்து அனுப்புங்கள், போதும். கோபத்தில் எழுதிய ஒரு சொல் பல வருட வழக்காகிறது.

உயர் பதவியில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அறையில் உட்கார வைத்து நீட்டும் ராஜினாமாவில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தனியார் வேலையில் உங்களைத் திரும்ப நாற்காலியில் உட்கார வைக்கும்படி நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது, கிடைப்பது பணம்தான். அது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தமே முடிவு செய்கிறது. அதனால் நோட்டீஸ் காலம், போனஸ், பங்கு ஒதுக்கீடு மூன்றையும் சேரும்போதே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.